பழைய பிக்கப்ப வீட்டுலயே ரெஸ்டோர் பண்ணணுமா? மொத்தமா கழட்டாம ஆரம்பிங்க

பழைய பிக்கப் ஒண்ணு கைக்கு வந்ததும் எல்லாருக்கும் கை பரபரக்கும். ஸ்பானர் செட்ட எடுத்து கதவு, பானெட், மட்கார்டு, பின் தொட்டின்னு வரிசையா கழட்டி ரெண்டு மூணு வாரத்துல வண்டிய எலும்புக்கூடா நிக்க வச்சிடுவாங்க. வீட்டுல ஆரம்பிச்ச வேலை பாதியில நின்னு போறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம். கழட்டுறது ஜாலியான வேலை, பூட்டுறதுதான் வேலை. ஆறு மாசம் கழிச்சு டப்பா டப்பாவா போல்ட்டு கிடக்கும், எது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாது, வண்டிய தள்ளி நகத்தக்கூட முடியாது, கடைசியில வந்த விலைக்குத் தள்ளிவிடணும்.

அதனால நான் சொல்ற வரிசை வேற. முதல்ல எஞ்சின் ஓடணும், அடுத்து பிரேக் பிடிக்கணும், ஸ்டியரிங் ஒழுங்கா திரும்பணும், அப்புறம் வயரிங், அப்புறம் துரு, கடைசியா பெயிண்ட். ஒரு நேரத்துல ஒரு பகுதிய மட்டும் கழட்டுங்க, அத முடிச்சு பூட்டிட்டு அடுத்ததுக்குப் போங்க. வேலை நடக்குற காலம் முழுக்க வண்டி நாலு சக்கரத்துல நிக்கணும்.

புதுசா கத்துக்கிறவங்களுக்கு கார விட பிக்கப் நல்ல தேர்வு. ஏணி மாதிரி ஒரு சேஸிஸ், அது மேல தனியா ஒரு கேபின், தனியா ஒரு பின் தொட்டி, எல்லாமே போல்ட்டுல உக்காந்திருக்கும். எஞ்சின் பக்கத்துல ஆள் எறங்கி நிக்கிற அளவுக்கு இடம் இருக்கும். 1947லேருந்து 1955 வரைக்கும் வந்த செவ்ரோலே 3100, 1948ல வந்த ஃபோர்டு எஃப்-1, 1953லேருந்து வந்த எஃப்-100 மாதிரி வண்டிகளுக்கு புதுசா தயாரிச்ச பார்ட்ஸ் தகரத்துலேருந்து ரப்பர் வரைக்கும் கிடைக்குது. ஸ்டுடிபேக்கர், இன்டர்நேஷனல் மாதிரி வண்டியும் அழகுதான், ஆனா ஒரு கதவுக் கைப்பிடிக்கு மாசக்கணக்கா தேட வேண்டி வரும், முதல் வண்டிக்கு அது வேணாம்னு நான் சொல்வேன்.

வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

பெயிண்ட பாக்காதீங்க. ஒரு சின்ன காந்தம், ஒரு டார்ச்சு, ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கிட்டுப் போங்க. கேபினோட பின் ரெண்டு மூலை, கதவுக்குக் கீழ இருக்குற ராக்கர் பேனல், கால் வைக்கிற தரை, கதவோட அடி விளிம்பு, முன் மட்கார்டோட கீழ்ப்பகுதி, கேபினையும் சேஸிஸையும் சேர்க்கிற மவுண்ட், இங்கெல்லாம்தான் தண்ணியும் மண்ணும் தேங்கும். காந்தம் ஒட்டலன்னா உள்ள பட்டி பூசி மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம். தரை மேட்ட கட்டாயம் தூக்கிப் பாருங்க, தூக்க விடலன்னா அதுவே பதில்.

தகரம் ஓட்டையா இருந்தா சமாளிக்கலாம், பேனல் கிடைக்கும். சேஸிஸ் அப்படி இல்ல. ஸ்பிரிங் பட்டைய தாங்குற ஹேங்கர் இருக்குற இடம், ஸ்டியரிங் பாக்ஸ் உக்காந்திருக்குற இடம், ரெண்டுலயும் விரிசல் இருக்கா, முன்னாடி யாராவது கன்னாபின்னான்னு வெல்டிங் வச்சிருக்காங்களான்னு தடவிப் பாருங்க. அங்க துரு உதிர்ந்தா அந்த வண்டிய விட்டுடுங்க. அதே மாதிரி பேப்பர். சில பழைய வண்டிங்கள எஞ்சின் நம்பர வச்சு ரிஜிஸ்டர் பண்ணியிருப்பாங்க, நடுவுல எஞ்சின மாத்தியிருந்தா வண்டியில இருக்குற நம்பரும் பேப்பர்ல இருக்குற நம்பரும் ஒத்துப் போகாது. இத காசு குடுக்குறதுக்கு முன்னாடி பாக்கணும், பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறம் இல்ல.

இன்னொண்ணும் இப்பவே முடிவு பண்ணிடுங்க. தினமும் ஓட்ட ஒரு வண்டி வேணுமா, பழைய தோற்றம் அப்படியே இருந்து உள்ள மட்டும் சரியா ஓடணுமா, இல்ல கண்காட்சிக்கு நிறுத்துற மாதிரி ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரிஜினலா வேணுமா. மூணும் மூணு வேற வேலை. முதல் வண்டிக்கு நடுவுல இருக்குறதுதான் சரி, பளபளப்பு இல்லாட்டி பரவால்ல.

இடமும் சாமானும்

வண்டி நீளத்த விட ரெண்டு பக்கமும் நடக்க இடம் விட்டு, கீழ கெட்டியான சிமெண்ட் தரை இருக்கணும். மண் தரையில ஜாக்கி போட்டு வண்டிக்கு அடியில போகவே கூடாது. சிமெண்ட் தரையிலயும் ஜாக்கிய நம்பி அடியில போகாதீங்க, வண்டியோட எடைய தாங்குற ஸ்டாண்டு நாலு வாங்கி சேஸிஸுக்கு நேர் கீழ வைங்க, கீழ இருக்குற சக்கரத்துக்கு கட்டை குடுங்க, அப்புறம் வண்டிய கையால நல்லா உலுக்கிப் பாத்துட்டு உள்ள போங்க. செங்கல், ஹாலோ பிளாக் இதெல்லாம் ஸ்டாண்டு இல்ல, சொல்லாம நொறுங்கிடும்.

சாமான்னு பாத்தா ஸ்பானர் செட், சாக்கெட் செட், டார்க் ரென்ச் (போல்ட்ட சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குறது), ஒரு மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளிய அளக்குற தகடுங்க), கம்ப்ரஷன் டெஸ்டர், ஒரு கிரைண்டர், ஒரு நல்ல வைஸ். வெல்டிங் மெஷின் பின்னாடி வாங்கலாம். தீ அணைப்பான் முதல் நாளே வேணும், அதுவும் ஷெட்டோட உள் மூலையில இல்ல, வாசல் பக்கத்துல மாட்டுங்க. அந்த வண்டிக்கான ஒரிஜினல் சர்வீஸ் மேனுவல் கிடைச்சா வாங்கிடுங்க, இதுல இருக்குற எதையும் விட அதுதான் உங்களுக்கு உபயோகமான சாமான்.

கழட்டுற ஒவ்வொண்ணுக்கும் கழட்டுறதுக்கு முன்னாடி ஃபோன்ல படம் எடுங்க, தூரத்துலேருந்து ஒண்ணு, கிட்டக்க ஒண்ணு. போல்ட்டுங்கள ஜிப் கவர்ல போட்டு மார்க்கர்ல "இடது மட்கார்டு, கேபின் பக்கம்"னு எழுதுங்க. "மட்கார்டு போல்ட்"னு மட்டும் எழுதினா பின்னாடி நீங்களே திட்டிக்குவீங்க. உடைஞ்ச பழைய பார்ட்ட புதுசு சரியா உக்காருற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க, புதுசா வர்ற பார்ட்ல ஓட்டை இடம் மாறி இருக்குறது சகஜம், பழசுதான் அளவு.

துருப்பிடிச்ச போல்ட்ட பலம் குடுத்து திருகுறது பழக்கமா இருக்கும், அத மாத்திக்கணும். பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க, மறுநாள் லேசா இறுக்கிப் பாத்துட்டு அப்புறம் தளத்துங்க, வரலன்னா சூடு காட்டுங்க. ஒரு விஷயம், சில பழைய டாட்ஜ் வண்டிகள்ல இடது பக்க சக்கரத்து நட்டு ரிவர்ஸ் திரெட்ல இருக்கும், அதாவது வலது பக்கம் திருப்பினாத்தான் கழலும், இது தெரியாம நாலடி பைப்ப மாட்டி மிதிச்சு உடைச்சவங்க நெறைய பேர்.

எஞ்சின எழுப்புறது

பல வருஷம் நின்ன வண்டிக்கு பேட்டரிய மாட்டி நேரா செல்ஃப் அடிக்கிறதுதான் எஞ்சினுக்குப் பண்ற பெரிய கெடுதல். பிஸ்டன் ரிங் சிலிண்டரோட ஒட்டியிருக்கும், வால்வு மாட்டியிருக்கும், அந்த நிலைமையில பலமா சுத்தினா ஏதாவது ஒண்ணு வளையும், இல்ல உடையும்.

ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் கழட்டுங்க. ஒவ்வொரு ஓட்டையிலயும் பெனட்ரேட்டிங் ஆயில கொஞ்சம் ஊத்துங்க, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துறதும் நல்லா வேலை செய்யும் (ரெண்டும் சீக்கிரம் பிரியும், ஊத்துறதுக்கு முன்னாடி குலுக்கிக்கங்க, பக்கத்துல நெருப்பு கூடாது). ரெண்டு மூணு நாள் விடுங்க. அப்புறம் கியர நியூட்ரல்ல வச்சுட்டு, கிராங்க்ஷாஃப்ட் முன்னாடி இருக்குற போல்ட்டுல நீளமான கைப்பிடி போட்டு கையால மெதுவா முன்னயும் பின்னயும் ஆட்டுங்க. ஒரு இம்மி நகர்ந்தா போதும், மறுபடி ஆயில், மறுபடி காத்திருப்பு. அவசரப்படுறவங்களுக்கு இந்த இடம் செட் ஆகாது.

முழு சுத்து சுத்தினதும் பழைய ஆயில இறக்குங்க, முடிஞ்சா அடி ஆயில் பேன கழட்டி உள்ள படிஞ்ச சேத்த வழிச்சு எடுங்க, இல்லன்னா புது ஆயில் அந்த சேத்தையே கலக்கி பம்போட வாயில கொண்டு போய் அடைக்கும். புது ஆயில் ஊத்தி, பிளக் இல்லாமலே செல்ஃப்ல விட்டு விட்டு சுத்துங்க, ஆயில் பிரஷர் மீட்டர் அசையணும். பிளக் இல்லாததால எஞ்சினுக்கு பாரம் இல்ல, ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்.

பிரஷர் மீட்டரப் பத்தி ஒரு வார்த்தை. செவ்ரோலேயோட 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின்ல கனெக்டிங் ராடு பேரிங்குக்கு பம்ப் அழுத்தத்துல ஆயில் போகாது, ராடுல இருக்குற சின்ன கரண்டி மாதிரியான ஒரு துண்டு ஆயில வாரி எடுத்துக்கும். அதனால அந்த எஞ்சின்ல மீட்டர் 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) பக்கத்துல நின்னா அது நோய் இல்ல, அதோட சுபாவமே அப்படித்தான். அது தெரியாம நல்ல எஞ்சின பிரிச்சுப் போட்டுடாதீங்க. 1954ல பிக்கப்புக்கு வந்த 235 எஞ்சின்ல முழு பிரஷர் ஆயிலிங் வந்துடுச்சு, அதுல வண்டி ஓடும்போதும் 15தான் காட்டினா கவலைப்படலாம்.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள பிஸ்டன் எவ்வளவு அழுத்தம் குடுக்குதுன்னு பாக்குறது. எல்லா பிளக்கும் வெளிய இருக்கணும், ஆக்ஸிலேட்டர முழுசா அமுக்கிப் பிடிக்கணும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு சுத்து. அந்தக் காலத்து எஞ்சினுக்கு 100லேருந்து 130 பிஎஸ்ஐ வந்தா சந்தோஷம். நம்பர் எவ்வளவுங்கிறத விட சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் எவ்வளவுங்கிறதுதான் முக்கியம், குறைஞ்சது அதிகபட்சத்துல முக்கால் பங்குக்கு மேல இருக்கணும். குறைவா இருக்குற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி மறுபடி பாருங்க, நம்பர் ஏறினா ரிங் தேஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேர்ந்து குறைஞ்சா ஹெட் கேஸ்கெட்ட சந்தேகப்படுங்க.

ஸ்பார்க் வர வைக்கிற பாயிண்ட், கண்டென்சர், பிளக், பிளக் வயர், ரோட்டர் எல்லாம் புதுசு போட்டுடுங்க, சின்ன செலவு. கார்ப்ரேட்டர பிரிச்சு கழுவி ரிப்பேர் கிட் போடுங்க, பிரிக்கும்போது லிங்கேஜ் கம்பி எந்த ஓட்டையில இருந்துச்சுன்னு படம் இல்லன்னா நாள் பூரா உக்காந்து யோசிக்கணும்.

பெட்ரோல் டேங்க் தனி கதை. பழைய பிக்கப் நெறையவற்றுல டேங்க் கேபினுக்குள்ளயே, சீட்டுக்குப் பின்னாடி இருக்கும். வருஷக்கணக்கா நின்ன பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஒட்டும் பொருளா மாறியிருக்கும், அடியில துரு. டேங்க கழட்டி காலி பண்ணி சோப்புத் தண்ணியில பல தடவ அலசுங்க, அப்புறம் சிட்ரிக் ஆசிட் கரைசல்ல ஊற வச்சு துருவ எடுத்து, உடனே அலசி காய வைங்க. காலியான டேங்க்னு நினைச்சு வெல்டிங் மட்டும் வச்சுடாதீங்க. நிறைஞ்ச டேங்க விட காலி டேங்க்தான் ஆபத்து, உள்ள ஆவி நிக்கும், பொறி பட்டா வெடிக்கும். ஓட்டை இருந்தா புது டேங்க் வாங்குங்க. பழைய ரப்பர் ஹோஸ்லாம் எத்தனால் கலந்த இன்னைக்கு பெட்ரோலுக்கு கரைஞ்சு போகும், எத்தனாலுக்கு ஒத்துவர்ற ஹோஸா மாத்துங்க.

முதல் தடவ ஸ்டார்ட் பண்ணும்போது பழைய டேங்க நம்பாம சின்ன கேன்லேருந்து பெட்ரோல் குடுங்க, ரேடியேட்டர்ல தண்ணி இருக்கட்டும், ஷெட் கதவு திறந்திருக்கணும். புகை வரும், பயப்படாதீங்க, நீங்க ஊத்தின ஆயில்தான் எரியுது. பத்து நிமிஷத்துல குறையலன்னா அப்ப யோசிக்கலாம்.

பிரேக்: இங்க சிக்கனம் வேணாம்

ஓடுற வண்டி கையில கிடைச்சதும் ஒரு ரவுண்டு போகணும்னு தோணும். பிரேக் முடியுற வரைக்கும் போகாதீங்க.

டிரம்ம கழட்ட வரலன்னா சுத்தியல எடுக்காதீங்க, உள்ள லைனிங் (டிரம்ம உரசிப் பிடிக்கிற பட்டை) டிரம்ல பள்ளம் போட்டு மாட்டியிருக்கும், பின்னாடி இருக்குற ஓட்டை வழியா அட்ஜஸ்டர தளத்துங்க, வந்துடும். திறந்ததும் உள்ள கறுப்பா தூசி இருக்கும். பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசிய கம்ப்ரஸர் வச்சு ஊதுறது நுரையீரலுக்கு நீங்களே வைக்கிற வெடி. தண்ணியும் சோப்பும் அடிச்சு ஈரமாக்கி துடைச்சு, துணிய கவர்ல கட்டிப் போடுங்க. பிரேக் கிளீனர் ஸ்பிரே வாங்கினா குளோரின் இல்லாததா பாத்து வாங்குங்க. குளோரின் இருக்குற கிளீனர் பட்ட இடத்துல பின்னாடி வெல்டிங் வச்சா ஃபாஸ்ஜீன்னு ஒரு விஷ வாயு வரும், கொஞ்சமா மூச்சுல போனாலே ஆள சாய்க்கக்கூடியது.

வீல் சிலிண்டர் நாலு, பெடல மிதிக்கிற அழுத்தத்த லைனுக்கு அனுப்புற மாஸ்டர் சிலிண்டர், மூணு ரப்பர் ஹோஸ், முழு பைப் லைன், லைனிங், எல்லாமே புதுசு. ஒண்ணு ரெண்ட மட்டும் மாத்தினா மிச்சம் இருக்குற பழசு சீக்கிரம் கசியும். லைனுக்கு செம்பு-நிக்கல் கலவை பைப் வாங்கினா கையாலயே வளைக்கலாம், துருவும் பிடிக்காது. முனைய டபுள் ஃப்ளேர் பண்ணணும் (விளிம்ப விரிச்சு ரெண்டா மடிக்கிறது), நடுவுல கம்ப்ரஷன் ஃபிட்டிங் போட்டு ஒட்டுப் போடுற வேலை பிரேக் லைன்ல கூடவே கூடாது.

அந்தக் காலத்து வண்டியில மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட். எங்கயாவது ஒரு இடத்துல கசிஞ்சா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடும். ரெண்டு சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டரா மாத்துற கிட் கிடைக்குது, ஒரிஜினல் ஒரிஜினல்னு அடம்பிடிக்கிறவங்க கூட இத மட்டும் மாத்திக்கணும்னு நான் நினைக்கிறேன், வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாது. மாத்தலன்னா ஹேண்ட் பிரேக்காவது நல்லா பிடிக்கிற மாதிரி வச்சுக்கங்க.

பிரேக் ஆயில் ஊத்தும்போது டாட் 3 வகையையும் சிலிக்கோன் டாட் 5 வகையையும் கலக்காதீங்க. டாட் 3 பெயிண்ட்ல பட்டா பெயிண்ட உரிச்சிடும், உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க. லைன்ல மாட்டியிருக்குற ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டர்லேருந்து தூரமா இருக்குற சக்கரத்துலேருந்து ஆரம்பிச்சு கிட்ட வாங்க.

சக்கரத்த தொட்டதும் இதையும் பாருங்க. டயர்ல பள்ளம் நல்லா இருக்குங்கிறது பெரிய விஷயம் இல்ல, பக்கவாட்டுல டாட் எழுத்துக்கு அப்புறம் வர்ற கடைசி நாலு இலக்கம் வாரமும் வருஷமும், 2319ன்னா 2019ம் வருஷம் 23வது வாரம். மூணு இலக்கம்தான் இருக்குன்னா அது 2000க்கு முன்னாடி செஞ்ச டயர், அது மேல உக்காந்து எங்கயும் போகாதீங்க. முக்கால் டன், ஒரு டன் ஏத்துற பிக்கப்புல சிலதுக்கு ரிங் வச்ச ஸ்பிளிட் ரிம் இருக்கும், காத்து அடிக்கும்போது அந்த ரிங் தெறிச்சு உயிரே போயிருக்கு, கூண்டு வச்சிருக்குற டயர் கடையில மட்டும்தான் அத தொடணும்.

முன் சக்கரத்த தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா வீல் பேரிங்கோ கிங் பின்னோ (ஸ்டியரிங் திருப்பும்போது முன் சக்கரம் திரும்புற அச்சு) தேஞ்சிருக்கு. யாரையாவது பிரேக்க மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க, அப்பவும் ஆடினா கிங் பின்தான். கிங் பின் மாத்தினா புஷ்ஷ சரியான அளவுக்கு ரீமர் போட்டு தேய்க்கணும், அத பட்டறையில குடுத்துடுங்க. எல்லா கிரீஸ் நிப்பிளுக்கும் புது கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் அடிங்க. கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஆயில், ஜிஎல்-5ல இருக்குற சல்ஃபர் கலவை கியர் மாத்த உதவுற பித்தளை சிங்க்ரோ வளையத்த தின்னுடும்.

இதெல்லாம் முடிஞ்சா ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல மெதுவா ஓட்டிப் பாருங்க. எங்க சத்தம் வருது, எங்க சூடாகுது, எந்த கியர் தாவுது, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க. இனி பிரிச்சு செய்யப் போற வேலைக்கு இந்த நோட்டுதான் பட்டியல்.

வயரிங்

பழைய துணி சுத்தின வயர் தொட்டாலே உதிரும், ஒட்டுப் போட்டு காலம் தள்ளாதீங்க, அந்த வண்டிக்குன்னே வர்ற முழு ஹார்னஸ் (சேர்த்துக் கட்டின வயர் தொகுப்பு) வாங்கி மாட்டுங்க. முதல்ல வண்டி எத்தன வோல்ட்டுன்னு பாருங்க. 1950கள் நடு வரைக்கும் 6 வோல்ட்தான், ஃபோர்டு பிக்கப்புல 1955 வரைக்கும் பாசிட்டிவ் முனைதான் பாடில எர்த் ஆகியிருக்கும். பழக்கத்துல நெகட்டிவ பாடில மாட்டினா டைனமோவும், பேட்டரி கரெண்ட் அதுக்குத் திரும்பாம தடுக்குற கட்-அவுட்டும் பாழாகும். 6 வோல்ட் வண்டி செல்ஃப் மந்தமா சுத்துதுன்னு உடனே 12க்கு மாத்தாதீங்க. பாதி வோல்ட்டுன்னா அதே வேலைக்கு ரெண்டு மடங்கு கரெண்ட் ஓடணும், யாரோ 12 வோல்ட் வண்டியோட மெல்லிசு பேட்டரி கேபிள போட்டிருப்பாங்க. தடியான கேபிள் மாட்டி, எர்த் பண்ற இடத்துல பெயிண்ட சுரண்டி தகரம் தெரியுற மாதிரி வச்சா பாதிப் பிரச்சனை போயிடும். பேட்டரி பக்கத்துல ஒரு மெயின் ஃப்யூஸ் போடுங்க, அந்தக் காலத்துல போடல, நாம போடலாம்.

துரு, தகரம், வெல்டிங்

இப்பதான் பெரிய வேலை, நேரமும் இங்கதான் போகும்.

துருவுல மூணு வகை. மேல படிஞ்சது, தேச்சா போகும். குழி விழுந்தது, வயர் பிரஷ் போட்டாலும் குழிக்குள்ள நிக்கும், பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மருந்து தடவணும். ஓட்டை விழுந்தது, அத வெட்டித்தான் எடுக்கணும், மருந்தும் பட்டியும் போட்டு மூடினா ஒரு மழைக்காலம் தாங்காது. ஸ்க்ரூ டிரைவரால குத்தினா உள்ள போற தகரம் ஓட்டைக்கு சமம்தான்.

சின்ன பார்ட்டுக்கு எலக்ட்ராலிசிஸ், அதாவது தண்ணியில கரெண்ட் விட்டு துரு எடுக்குறது, நல்ல வழி. பிளாஸ்டிக் டப்பால தண்ணி, நாலு லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சலவை சோடா, பேட்டரி சார்ஜரோட நெகட்டிவ் துரு பார்ட்டுக்கு, பாசிட்டிவ் ஒரு சாதா இரும்புத் துண்டுக்கு, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு படாம தொங்கணும். மறுநாள் துரு கறுப்பு சேறா வழிஞ்சு வரும். பாசிட்டிவ்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாட்டாதீங்க, தண்ணியில விஷமான குரோமியம் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வரும், வெளியில வச்சு பண்ணுங்க, சார்ஜர ஆஃப் பண்ணிட்டுத்தான் கிளிப்ப எடுக்கணும். ஸ்பிரிங் மாதிரி கடினமான எஃக இதுல போட வேணாம், ஹைட்ரஜன் ஏறி உடையும்.

பெரிய பேனல மணல் பிளாஸ்டிங்குக்குக் குடுக்கும்போது ஜாக்கிரதை, கதவு, கேபின் கூரை மாதிரி தட்டையான தகரம் அதுல அலை அலையா நெளிஞ்சிடும், அப்புறம் நேராக்கவே முடியாது. சேஸிஸ், ஆக்ஸில், வீல் இதுங்கள தாராளமா குடுக்கலாம். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், காஞ்ச உப்புத்தாள் போட்டு தேய்க்கும்போது நல்ல மாஸ்க் போடுங்க, அந்தத் துணியோட வீட்டுக்குள்ள குழந்தைங்கள தூக்காதீங்க.

ராக்கரையும் தரையையும் வெட்டுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஒண்ண நிறைய பேர் விட்டுடுறாங்க. கேபின சேஸிஸ்லயே போல்ட் போட்டு வச்சுக்கிட்டு, கதவு திறக்குற இடத்துல குறுக்க சதுர பைப்ப வெல்டிங் வச்சு கேபின கட்டிப் போடணும். கேபினோட பலமே அந்த ராக்கர்தான், அத வெட்டினதும் கேபின் லேசா தொங்கிடும், கண்ணுக்குத் தெரியாது, புது பேனல் வச்சு முடிச்சதுக்கப்புறம் கதவு மூடாது. வெட்டுறதுக்கு முன்னாடி கதவ மூடி சுத்தி இடைவெளி எவ்வளவுன்னு அளந்து எழுதி வைங்க. ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல வெட்ட வேணாம், ஒண்ண முடிச்சுட்டு அடுத்தது.

வெல்டிங் புதுசுன்னா வயர் தானா வெளிய வர்ற மிக் மெஷின்தான் சுலபம். 0.6 மில்லி வயர், ஆர்கான் 75 கார்பன் டை ஆக்ஸைடு 25 வாயு. அதே தடிப்புல கழிவுத் தகரம் எடுத்து பத்து இருபது துண்டு ஒட்டிப் பழகுங்க, வண்டியில பழகாதீங்க. மெல்லிசு தகரத்துல நீளமா கோடு இழுத்தா சூட்டுல சுருங்கி நெளியும். ஒரு புள்ளி வச்சு, ஒரு அங்குலம் தள்ளி இன்னொண்ணு, அப்படியே சுத்தி வந்து, ஆறினதும் நடுவுல நடுவுல புள்ளி வச்சு நிரப்பணும், ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வைக்காதீங்க. கையால தொட முடியுற சூடு வந்ததும் அடுத்த புள்ளி, இதுதான் வேகம். ஆரம்பிக்கும் முன்ன பேட்டரிய கழட்டுங்க, பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ள இருக்குற வண்டின்னா டேங்க வெளிய எடுத்து ஷெட்ட விட்டு தூரமா வைங்க. முடிச்சதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்க, சீட் துணி, பழைய கம்பளி அடியில புகைஞ்சுக்கிட்டு இருந்து அப்புறமா பத்திக்கும்.

வெறும் தகரத்த ஒரு ராத்திரி கூட விடாதீங்க, ஈரக்காத்துலயே துரு ஆரம்பிச்சிடும். அன்னைக்கே எபாக்ஸி பிரைமர் அடிங்க. தகரமும் தகரமும் சேர்ற இடத்துல இணைப்ப அடைக்கிற சீம் சீலர். ராக்கருக்குள்ள, கதவுக்குள்ள மெழுகு மாதிரி உள்பூச்சு ஸ்பிரே, அதோட தண்ணி வடியுற ஓட்டைங்கள அடைக்காம விடணும், முதல்ல துரு வந்ததே அந்த ஓட்டை அடைஞ்சதாலதான்.

பட்டியும் பெயிண்ட்டும்

பட்டி 3 மில்லிக்கு மேல தடிக்கக் கூடாது, அதுக்கு மேல வேணும்னா தகரத்த இன்னும் தட்டி நேராக்கணும். 80 நம்பர் தாள்ல ஆரம்பிச்சு 180, 320, பிரைமருக்கு மேல 600. கையால தடவிப் பாருங்க, கண்ணு ஏமாத்தும், மெல்லிசு துணிய நடுவுல வச்சு தடவினா இன்னும் நல்லா தெரியும். பிரைமர் மேல கறுப்பு ஸ்பிரே லேசா தூவிட்டு நீளமான பிளாக்ல தேச்சா பள்ளத்துல கறுப்பு நிக்கும்.

ஃபைனல் பெயிண்ட்ட பத்தி என் அபிப்பிராயம், ரெண்டு பாகம் கலந்து அடிக்கிற யூரித்தேன் பெயிண்ட்ட வீட்டுல அடிக்காதீங்க. அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, சாதா கார்ட்ரிட்ஜ் மாஸ்க்க நம்ப முடியாது, வெளியிலேருந்து சுத்தமான காத்து வர்ற மாஸ்க் வேணும், ஒரு தடவ ஒத்துக்காம போச்சுன்னா வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா. தேய்க்கிற வேலை எல்லாம் நீங்க முடிச்சுட்டு அடிக்கிறத மட்டும் பெயிண்ட் பூத்ல குடுங்க. இல்லன்னா அந்தக் காலத்து தோற்றம் வர்ற, மேல கிளியர் கோட் இல்லாத எனாமல். பழைய பிக்கப்புக்கு கண்ணாடி மாதிரி மின்னுற பெயிண்ட் எனக்கென்னவோ ஒட்டாத மாதிரிதான் இருக்கும், அது வேலை வண்டி.

கடைசிப் பொருத்தல்

பின் தொட்டில மரப்பலகை இருக்குற வண்டின்னா ஓக், ஆஷ், பைன் எதுவும் ஓகே. பலகைய மாட்டுறதுக்கு முன்னாடியே ஆறு பக்கமும், ஓட்டை உள்பக்கமும் சேர்த்து எண்ணெய் பூசணும், அடியில பூசாம விட்டா ஈரம் அங்கேருந்து ஏறி பலகை வளையும். பலகைக்கும் இரும்புப் பட்டிக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடுங்க, மழையில மரம் உப்பும். ஆளிவிதை எண்ணெய் துடைச்ச துணிய சுருட்டி மூலையில போடாதீங்க, தானா தீப்பிடிக்கும், விரிச்சு வெளிய காய வைங்க, இல்லன்னா தண்ணியில முக்கி வைங்க.

கதவுக் கண்ணாடி இந்த வண்டிகள்ல தட்டையானது, கண்ணாடிக் கடையில அளவுக்கு வெட்டித் தருவாங்க, லேமினேட்டட் கண்ணாடியா கேளுங்க. முன் கண்ணாடிக்கு, ரப்பர கண்ணாடில மாட்டி, ரப்பரோட உள் பள்ளத்துல ஒரு நைலான் கயிற சுத்தி விட்டு, வெளியிலேருந்து ஒருத்தர் அமுக்க உள்ளேருந்து ஒருத்தர் கயிற இழுக்கணும், சோப்புத் தண்ணி தாராளமா. மூலையில பொறுமை வேணும், அங்கதான் கண்ணாடி உடையும்.

ஓட்ட ஆரம்பிச்சு 50 மைல்ல சக்கர நட்டு, ஸ்பிரிங் யு-போல்ட், மேனிஃபோல்டு போல்ட் எல்லாத்தையும் டார்க் ரென்ச்ல திரும்ப பாருங்க, புது கேஸ்கெட்டும் புது பெயிண்ட்டும் படிஞ்சு எல்லாம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். 500 மைல்ல ஆயில் மாத்துங்க. புதுசா ஒட்டின கதவு ரப்பரால முதல்ல கதவ அடிச்சுத்தான் மூட வேண்டி வரும், அதுக்காக கீல அட்ஜஸ்ட் பண்ணிடாதீங்க, ஒரு வாரம் கதவ முழுசா மூடியே வச்சா ரப்பர் அமுங்கி தானா சரியாயிடும்.